மூன்றாம் சுரம் யாருடையது

மார்ச் 3

மாமா,

போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். பேசினால் நான் கத்துவேன், நீங்கள் பட்டென்று வைத்துவிடுவீர்கள், அப்புறம் நீங்கள் வைத்த போனைப் பார்த்து நான் கத்துவேன். போன வருடம் மூன்று தடவை இதுதான் நடந்தது. அதனால் கடிதம். இதைப் பாதியில் வைத்துவிட முடியாது. வேண்டுமானால் கிழித்துப் போடுங்கள், அது உங்கள் இஷ்டம்.

நேற்று உங்கள் உறை வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அக்கா பாட்டு சொல்லிக்கொடுத்த இசைப்பள்ளி, அவள் நினைவாக அவளுடைய பதினொரு பாட்டையும் புத்தகமாகப் போடுகிறது. அங்கே பியானோ வாசிக்கிறவன் என்பதாலும் அவள் தம்பி என்பதாலும், பாட்டுகளை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதும் வேலை எனக்கு வந்தது. பத்துப் பாட்டுக்கு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டீர்கள். பதினோராவது, அவள் கடைசியாக எழுதியது. கணவர் கையெழுத்து இல்லாமல் அந்தப் பக்கத்தை அச்சகம் தொடாது. கடைசித் தேதி முப்பத்தொன்று. இவ்வளவும் உங்களுக்குத் தெரியும்.

தெரிந்தும் நீங்கள் அனுப்பியது என்ன? வெறும் அனுமதிப் படிவத்தைக்கூட அனுப்பவில்லை. நான் எழுதிய தாள்களில் பதினான்கு இடத்தில் சி ஷார்ப்பைச் சிவப்புப் பேனாவால் அடித்து, ஓரத்தில் ‘மூணு வேண்டாம்’ என்று இரண்டே வார்த்தை. பழுதான லிஃப்டின் கதவில் நீங்கள் ஒட்டுகிற அறிவிப்பு மாதிரி.

உங்களுக்குத் தெரியாததை எழுதவில்லை. பின்னால் தெரியாது என்று சொல்லக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஏ மேஜர் என்றால் மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கிற ஒரு கார்ட். ஒன்றாவது ஏ, மூன்றாவது சி ஷார்ப், ஐந்தாவது ஈ. இதில் மூன்றாவதுதான் அந்தக் கார்ட் சிரிக்கிறதா அழுகிறதா என்று சொல்கிற சுரம். அக்கா தன் நோட்டில் அந்தப் பதினான்கு இடத்திலும் ‘ஏ2’ என்று எழுதியிருக்கிறாள். ஏ மேஜரோடு இரண்டாவது சுரமான பி-யையும் சேர் என்று அர்த்தம். அதே பி-யை எட்டைத் தாண்டி மேலே எண்ணினால் ஒன்பதாவது. அதனால்தான் ஊரே அதை ஆட் நைன் என்கிறது. ஆட் என்றால் கூட்டு. இருப்பது இருக்கும், புதியது கூட வரும்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கிடாரில் ஏ மேஜருக்கு மூன்று விரலும் இரண்டாவது ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் இரண்டாவது கட்டத்தில், இருக்கும். இரண்டாவது கம்பியில் இருக்கிற விரலைத் தூக்கிவிடுகிறீர்கள். சி ஷார்ப் போய் அந்தக் கம்பியில் பி வருகிறது. இது கூட்டியது இல்லை, மாற்றியது. இதற்குப் பெயர் சஸ் டூ. ஒழுங்காக ஆட் நைன் வேண்டுமென்றால் அந்த விரலை அங்கேயே விட்டுவிட்டு, சுண்டு விரலை மூன்றாவது கம்பியில் நாலாவது ஃப்ரெட் வரை நீட்ட வேண்டும். வலிக்கும். அதுதானே விஷயம்?

படிவத்தோடு பதில் போடவும்.

உங்கள் மச்சினன்


மார்ச் 8

மாப்பிள்ளை,

எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் ஒரு லிஃப்ட் மாட்டிக்கொண்டது. உள்ளே இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களை இறக்கிவிட்டு, லிஃப்ட் கூண்டின் மேலேயே உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். உள்ளே இருந்தவர்கள் உன்னைவிட மரியாதையாகத்தான் கத்தினார்கள்.

என் சுண்டு விரலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். நாள் முழுக்க இரும்பு வடம் இழுக்கிற கை இது. நாலாவது ஃப்ரெட் இதற்கு ஒரு தூரமா? சுரம் எழுதுகிற பேனாவைத் தவிர கனமாக எதையும் தூக்காதவன் என் கையைச் சோம்பேறி என்கிறான்.

அவள் ஏ2 என்று எழுதியது கிடாருக்கு. கிடாரில் ஏ2 என்றால் விரலைத் தூக்குவதுதான். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். உன் பக்கத்தில் இல்லை.

மூணு வேண்டாம் என்றால் வேண்டாம். எந்த வாத்தியத்திலும் வேண்டாம். மற்றப் பத்துப் பாட்டில் உன் இஷ்டத்துக்கு எதை வேண்டுமானாலும் கொட்டி நிரப்பிக்கொள், நான் கேட்டேனா? இதில் மட்டும் கை வைக்காதே. நான் பாடி, வாசித்து ஒலிப்பதிவு அனுப்பினேன் இல்லையா? அதில் இருப்பதை எழுது. உன்னிடம் கேட்டது அவ்வளவுதான். பாடம் நடத்தச் சொல்லவில்லை.

படிவம் என் அலமாரியில் இருக்கிறது. நீ திருத்திய தாள் வந்த பிறகு அது வெளியே வரும்.

மாமா


மார்ச் 12

மாமா,

உங்கள் ஒலிப்பதிவை இருபது தடவை கேட்டுவிட்டேன். உங்கள் குரலைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் முடிந்ததும், எட்டு எண்ணுகிற நேரத்துக்கு அந்த ஏ2-வை மட்டும் தட்டிக்கொண்டு சும்மா இருக்கிறீர்களே, அது எதற்கு? அடுத்த வரி மறந்துபோனதா? அந்த ஓட்டைகளை அடைக்கத்தான் நான் இத்தனை வாத்தியத்தை எழுதியிருக்கிறேன். இருப்பதை எழுது என்கிறீர்கள். ஓட்டையை எப்படி எழுதுவது?

நேற்று ஒத்திகையில் எல்லோரையும் உட்காரவைத்துப் பார்த்தேன். செல்லோக்காரர் ஒரே விரலைக் குறுக்கே அழுத்தி ஏ-யும் ஈ-யும் பிடித்தார். முதல் வயலின் பி, இரண்டாவது வயலின் சி ஷார்ப். இந்த இரண்டும் அக்கம்பக்கத்து சுரங்கள், சேர்ந்தால் உரசும். அந்த உரசல் இல்லாமல் இந்தக் கார்ட் இல்லை. பியானோவில் நான் பி-யை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி ஒன்பதாவதாக வைத்தேன், உரசல் அடங்கி நன்றாகத் திறந்துகொண்டது. அக்கார்டியன்காரம்மா இடது கைப் பொத்தான்களில் ஏ மேஜரையும் ஈ மேஜரையும் சேர்த்து அழுத்திவிட்டார். வேண்டிய நாலு சுரமும் வந்தது, கூடவே ஜி ஷார்ப்பும் வந்து நின்றது. “அது யாருங்க கூப்பிட்டது? ஏ பொத்தானோட நிறுத்துங்க, பி-ய வலது கைல வாசிங்க” என்றேன். சிரித்துக்கொண்டே சரிசெய்தார்.

நாலு சுரத்துக்கு மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால் ஐந்தாவதை விடலாம். ஈ போனால் யாரும் தேட மாட்டார்கள். மூன்றாவதை விடக்கூடாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, காது உள்ள எல்லோருக்கும் தெரியும்.

அப்படியும் உங்களுக்காக ஒரு தடவை, நீங்கள் சொன்னபடியே, சி ஷார்ப் இல்லாமல் வாசிக்கச் சொன்னேன். முடிந்ததும் அக்கார்டியன்காரம்மா கேட்டார்: “என்ன சார் இது, சாமானெல்லாம் எடுத்துட்டுப் போன வீடு மாதிரி இருக்கு?”

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், சொல்கிறேன். மூன்றாவதைத் தூக்கிவிட்டு அந்த இடத்திலேயே இன்னொன்றைக் கொண்டுவந்து வைப்பது உங்களுக்குக் கைவந்த வேலை. அக்கா போய் ஒன்றரை வருடம் முடியவில்லை, இன்னொருவரைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். அதே வீடு, அதே சமையலறை. இசையில் இதற்கு சஸ் டூ என்று பெயர். உங்கள் வீட்டில் என்ன பெயர்?

தாளைத் திருத்த மாட்டேன்.


மார்ச் 16

ஏய்,

உன் கடிதத்தை முதலில் படித்தது நான் இல்லை. உறையைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கிரீஸ் கையைக் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் நான் கட்டிக்கொண்டவள் படித்து முடித்திருந்தாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், டாக்டர்கள் கிறுக்குவதையே படிக்கிறவள், உன் கையெழுத்து அவளுக்கு எம்மாத்திரம்? தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது. யாரையும் எழுப்பிவிட்டுட்டு நான் வந்து உக்காரலன்னு மட்டும் எழுதிடுங்க.” எழுதிவிட்டேன். படித்துக்கொள்.

கார்டைப் பற்றி எழுது, தலையெழுத்தே என்று படிக்கிறேன். என் சமையலறைக்குள் மூக்கை நுழைக்காதே. நான் விரலைப் பற்றிப் பேசினால் நீ கல்யாணத்தைப் பற்றிப் படிக்கிறாய். இனி ஒரு தடவை இப்படி எழுதினால் உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

அவள் இடத்தைப் பற்றிப் பேச உனக்கு வாய் இருக்கிறதா? சனிக்கிழமை தவறாமல் வந்தவன் நீ. கீபோர்டை அந்த மடக்கு மேசையில் எடுத்துவைத்து மூன்று பேரும் வாசித்தோம். ஒருநாள் அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். என்ன சொன்னாள்? “இந்தப் பாட்டுக்குப் பியானோ வேண்டாம்டா, நீ எல்லா எடத்தையும் நெரப்பிடற.” இவ்வளவுதான். உனக்கு மூக்குக்கு மேலே கோபம். கீபோர்டைத் தூக்கி உறைக்குள் திணித்துக்கொண்டு, “கூப்பிட்டா வர்றேன்” என்று படியிறங்கினாய். எட்டு மாதம். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது தெரியும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தது தெரியும். உன் வாயிலிருந்து ஒரு விசாரிப்பு உண்டா? கடைசியில் நர்ஸ் கூப்பிட்டுச் சொன்ன பிறகு ஓடிவந்தாய். அவள் கண்ணைத் திறக்கவில்லை. இப்போது பதினான்கு சி ஷார்ப்பைத் தூக்கிக்கொண்டு பாசம் காட்ட வந்துவிட்டாய்.

படிவம் அலமாரியில் இருக்கிறது. அங்கேயே இருக்கும்.


மார்ச் 19

மாமா,

உங்கள் வீட்டில் இருப்பவர் என் கடிதத்தைப் படித்தது எனக்கு வருத்தம்தான். அது உங்களைக் குத்த எழுதியது. குறி தவறிவிட்டது.

எட்டு மாதத்தை நீங்கள் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பல் தேய்க்கும்போது வருகிறது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வருகிறது, நடன வகுப்புக்கு வாசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து தாளம் தப்பிப்போகிறது. ‘நீ எல்லா எடத்தையும் நெரப்பிடற.’ எனக்குப் பத்து விரல் இருப்பது என் குற்றமா? இருபது வருடம் அவள் பாட்டுக்கு வாசித்தவனை ஒரே வாக்கியத்தில் எழுந்து போ என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் ஒன்று. நான் ‘கூப்பிட்டா வர்றேன்’ என்றுதான் சொன்னேன், ‘வர மாட்டேன்’ என்று சொல்லவில்லை. யாரும் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை, நீங்களும் கூப்பிடவில்லை. அதை உங்கள் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

இனி வேலை. பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டேன். முப்பத்தொன்றாம் தேதி மாலைக்குள் படிவம் வராவிட்டால் பத்துப் பாட்டோடு புத்தகம் போகும். பதினோராவது பாட்டின் தலைப்பை மட்டும் போட்டு, கீழே ‘கணவர் அனுமதி தரவில்லை’ என்று அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் வாங்கப்போகிற புத்தகம் அது. படிக்கட்டும்.

ஒரு சின்ன விஷயம், அச்சகத்தில் கேட்டார்கள். நீங்கள் அனுப்பிய நோட்டுப் பிரதியில் ஒவ்வொரு ஏ2-வுக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் ‘ம்’ என்று எழுதியிருக்கிறாள். பதினான்கு இடத்திலும் இருக்கிறது. எதையாவது சரிபார்த்தால் ‘ம், சரி’ என்று சொல்லிக்கொண்டே போவது அவள் வழக்கம்தானே, அதையே எழுதியும் வைத்திருக்கிறாள். பாட்டில் சேராதது என்பதால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். விடுபட்டது என்று அதற்கும் ஒரு சண்டை பிடிக்காதீர்கள்.


மார்ச் 23

அட மடையா,

‘ம்’-ஐ எடுத்துவிட்டாயா?

இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். எழுத எனக்கு வராது. லிஃப்டுக்குப் பழுது அறிக்கை எழுதுகிறவன் நான். மூன்று வரிக்கு மேல் எழுதியதில்லை. நீ எழுதவைக்கிறாய்.

உன் அக்கா படுக்கையில் இருந்த நாட்களில், வேலை முடிந்து வந்து, கையைக் கழுவிக்கொண்டு கட்டில் ஓரத்தில் கிடாரோடு உட்காருவேன். அவள் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சுவரில் சாய்ந்திருப்பாள். மடியில் நோட்டு. ஒரு வரி பாடினால் மூச்சு வாங்கும். அடுத்த வரிக்கு எட்டு எண்ணுகிற நேரமாவது வேண்டும். அந்த எட்டையும் அவள் சும்மா விடவில்லை. வார்த்தை சொல்லத்தான் மூச்சு இல்லை, வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று இழுக்க இருந்தது. நாம் கதை சொன்னால் எதிரில் இருப்பவர் ம் கொட்டுவார் இல்லையா, அப்படி அவள் பாட்டுக்கு அவளே ம் கொட்டினாள். அந்த ‘ம்’ தான் சி ஷார்ப்.

முதல் நாள் நான் நீ சொல்கிற மாதிரியேதான் பிடித்தேன். சுண்டு விரலை நாலாவது ஃப்ரெட்டுக்கு நீட்டி, பி-யும் சி ஷார்ப்பும் உரச, முழு ஆட் நைன். என் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். “அது என் எடம். வெரலத் தூக்குங்க” என்றாள். தூக்கினேன். கிடாரில் ஏ, ஈ, பி. அவள் தொண்டையில் சி ஷார்ப். நீ செல்லோவிலும் வயலினிலும் தேடிக்கொண்டிருக்கிற கார்ட் அப்படித்தான் அந்த அறையில் வந்தது. முக்கால் என்னிடம், கால் அவளிடம். நோட்டில் ஏ2 என்று எழுதியது எனக்கு. ‘ம்’ என்று எழுதியது அவளுக்கு. சரிபார்த்தாளாம். அவள் எந்தக் காலத்தில் எதைச் சரிபார்த்தாள்?

ஒலிப்பதிவில் எட்டு எண்ணிக்கை சும்மா தட்டுகிறேன் என்றாய். அந்த இடத்தில் ‘ம்’ சொல்லத்தான் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தொண்டையிலிருந்து வரவில்லை.

இப்போது நீ சொல், யார் யாருடைய இடத்தில் உட்கார்ந்தது? அவள் போன நாளிலிருந்து நான் அந்தப் பாட்டை விரலைத் தூக்கித்தான் வாசிக்கிறேன். அங்கே காலியாகத்தான் இருக்கிறது. வீட்டில் இருப்பவள் வேலை செய்யும்போது எதையாவது முனகிக்கொண்டே இருப்பாள், நான் அந்த இடத்துக்கு வந்தால் நிறுத்திவிடுவாள். நான் சொன்னதில்லை, அவளாகவே நிறுத்துவாள். நீதான் பியானோ, வயலின், அக்கார்டியன் என்று ஒரு படையையே கூட்டிக்கொண்டு வந்து அங்கே உட்காரவைத்தாய். உட்காரவைத்துவிட்டு என்னைப் பார்த்து, அக்கா இடத்தை நிரப்பிவிட்டாய் என்கிறாய்.

மூன்றாவதை வாத்தியத்துக்கு எழுதி அச்சடித்துவிட்டால், நாளைக்கு இதைப் பாடுகிற எந்தப் பிள்ளையும் அந்த இடத்தில் வாயைத் திறக்காது. எதற்குத் திறக்க வேண்டும்? வாத்தியம்தான் சொல்லிவிடுகிறதே. அதற்காகத்தான் கையெழுத்துப் போடவில்லை.

‘கணவர் அனுமதி தரவில்லை’ என்று அச்சடிக்கிறாயா? அடி. பெரிய எழுத்தில் அடி.


மார்ச் 26

மாமா,

நேற்று இரண்டாவது வயலினிடமிருந்து சி ஷார்ப்பைப் பிடுங்கினேன். அக்கார்டியன்காரம்மாவிடம் இடது கைக் கார்ட் பொத்தானையே தொட வேண்டாம், அடிச்சுரமும் வலது கையில் ஈ-யும் பி-யும் போதும் என்றேன். என் கையிலிருந்து பிடுங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. பழக்கதோஷம், விரல் தானாகவே அந்தக் கட்டைக்குப் போகிறது. கடைசியில் அந்த விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு வாசித்தேன்.

கரும்பலகையில் வரிகளை எழுதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ‘ம்’ போட்டேன். பாடும் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். “இங்க வார்த்தை கிடையாது. வாய மூடிக்கிட்டு, இந்தச் சுரத்துல, எட்டு எண்ற வரைக்கும்” என்று ஒரு தடவை கட்டையைத் தட்டிக் காட்டினேன். “கதை கேக்கற மாதிரியா சார்?” என்று ஒரு பெண் கேட்டாள். தலையாட்டிவிட்டுப் பியானோவுக்குத் திரும்பினேன்.

முதல் வரி முடிந்தது. கீழே நாங்கள் ஏ, ஈ, பி. மேலே நாற்பது மூடிய வாயிலிருந்து சி ஷார்ப் வந்தது. இரண்டு பேர் சுருதி விலகி, ஒருவன் தும்மி, அப்படியும் வந்தது. இத்தனை வருடமாக நான் ஆட் நைனை விரலில் மட்டுமே தேடியிருக்கிறேன். மூன்றாவது வரியில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நடைபாதையில் நின்று கேட்டேன். உள்ளே பியானோ இல்லாமலேயே நன்றாக இருந்தது. அவள் சொன்னது சரி. அதை அவளிடம் சொல்ல வழி இல்லை, உங்களிடம் சொல்கிறேன்.

அதற்காக என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இதை முதல் உறையிலேயே எழுதியிருந்தால் என்ன? ‘மூணு வேண்டாம்’ என்று இரண்டு வார்த்தை எழுதத் தெரிந்தவருக்கு ‘அது அவள் பாடின இடம்’ என்று நாலு வார்த்தை எழுதத் தெரியாதா? நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் நான் அந்தக் கேவலமான வரிகளை எழுதினேன். எழுதியது நான்தான். உங்கள் வீட்டில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதைப் படித்துக் காட்டுங்கள்.

திருத்திய தாள்கள் இதோடு இருக்கின்றன. பதினான்கு ‘ம்’-மும் பாடுபவர் வரியில் இருக்கின்றன. எண்ணிப் பாருங்கள். இன்னும் ஐந்து நாள்தான்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கட்டில் ஓரத்தில் நீங்கள் இருந்தீர்கள், நான் இல்லை. அப்போது என்னை எப்போதாவது கேட்டாளா?


மார்ச் 28

மாப்பிள்ளை,

படிவம் இதோடு வருகிறது. இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தாள்களைப் பார்த்தேன், பதினான்கும் இருக்கிறது. நன்றாக எழுதியிருக்கிறாய். கூரியரில் அனுப்புகிறேன், நாளையே கிடைக்கும்.

உன் மன்னிப்பைப் படித்துக் காட்டினேன். “சரி” என்றாள். அதற்கு மேல் நீ எதிர்பார்க்கவும் கூடாது.

இனி நீ கேட்டதற்கு. முதலில் படிவத்தை எடுத்து வேறு இடத்தில் பத்திரமாக வை. அப்புறம் படி.

கேட்டாள். சனிக்கிழமை வந்தால் கேட்பாள். “அவனக் கூப்பிட்டீங்களா?” நான், “கூப்பிட்டேன், ஏதோ வேலை இருக்காம்” என்பேன். அடுத்த சனிக்கிழமையும் கேட்பாள். “இன்னும் கோவமா இருக்கானா?” என்பாள். “அப்படித்தான் தெரியுது” என்பேன். அவள் படுக்கையில் விழுந்த பிறகு இப்படிப் பதினொரு சனிக்கிழமை. ஒரு தடவைகூட உன்னை நான் கூப்பிடவில்லை.

ஏன் என்று கேட்பாய். நீ கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போன அன்று அவள் சாப்பிடவில்லை. உன்மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். ‘கூப்பிட்டா வர்றேன்’ என்ற அந்தத் திமிருக்கு நான் ஏன் இறங்கிப்போய்க் கூப்பிட வேண்டும், தானாக வரட்டும் என்று இருந்தேன். அவளுக்கு நாள் இருக்கிறது என்று நினைத்தேன். நாள் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, உன்னைக் கூப்பிட்டால் நான் அவளிடம் சொன்ன பொய்யெல்லாம் அவள் கண்ணெதிரே உடைந்துபோகுமே என்று பயந்து கூப்பிடவில்லை. அவள் சாகும்போது நீ வர மறுத்துவிட்டாய் என்றுதான் நினைத்திருந்தாள். அதைச் செய்தவன் நான்.

படிவத்தை மூன்று வாரம் பிடித்துவைத்தது சுரத்துக்காக மட்டும் இல்லை. இந்தப் பாட்டை எடுத்தால் அந்த அறையைப் பற்றிக் கேட்பாய், அந்த அறையைப் பற்றிக் கேட்டால் இதையும் கேட்பாய் என்று தெரியும். உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தால் கேட்க மாட்டாய் என்று நினைத்தேன்.

இனி நீ என்ன எழுதினாலும் படிப்பேன். உறையை நானே பிரிப்பேன்.

மாமா


ஏப்ரல் 4

மாமா,

படிவத்தை முப்பதாம் தேதி காலையில் அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். பதினொரு பாட்டும் வருகிறது. முதல் பிரதி உங்கள் வீட்டுக்கு வரும்.

உங்கள் கடிதத்துக்கு ஆறு பதில் எழுதினேன், ஆறையும் கிழித்துப்போட்டேன். முதலாவதில் உங்களை என்னவெல்லாம் திட்டினேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம். ஆனால் அதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நான் வர மறுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே அவள் போயிருக்கிறாள். இதை உங்களால் சரிசெய்ய முடியாது, என்னாலும் முடியாது. உங்களை மன்னிக்க எனக்கு இப்போது மனது வரவில்லை. எப்போதாவது வருமா என்றும் தெரியவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

ஆறாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் பேனா நின்றுவிட்டது. அந்தச் சனிக்கிழமைகளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். சனிக்கிழமைகளில் நான் வேறு எந்த வேலையும் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் குளித்து, வெளியே போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் சட்டையைக் கழற்றி மாட்டுவேன். எட்டு மாதமும் இப்படித்தான். அவர்கள் கூப்பிடவில்லை, அதனால் நான் போகவில்லை என்று இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களிடமும் எழுதினேன்.

இங்கிருந்து உங்கள் ஊருக்கு நாலு மணி நேரம். காலை ஆறிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பஸ். நீங்கள் கூப்பிடவில்லை என்பதற்காக அதில் ஒரு பஸ்கூட ஓடாமல் நின்றுவிடவில்லை.